போன் வந்தது எந்த இடத்தில்?

போன வருடம், மழைக்காலம் ஆரம்பிக்கப்போகிற நேரம். அயனம்பாக்கம் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் குடியிருப்பு. நானும் கணவரும் கரூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னை வந்தவர்கள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பதால்தான் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியவந்தது.

எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே மாடி இல்லாத ஒரு வீடு. அந்த வீட்டு அண்ணனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற வேலை. அக்காவுக்கு அதே எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். குழந்தைகள் இல்லை. எங்கள் குடியிருப்பு நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் அவருடைய அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்டிருக்கிறார்கள். அதை அவர் வருத்தமாகச் சொன்னதே இல்லை. "உங்க லிஃப்ட் கீற எடத்துலதாம்மா பம்ப்செட்டு இருந்திச்சி" என்று சிரிப்பார். நான் புதிதாகக் கார் ஓட்டப் பழகியபோது அந்தக் குறுகலான தெருவில் ரிவர்ஸ் எடுக்க எனக்குக் கை காட்டியவர் அவர்தான். அவருக்கும் அக்காவுக்கும் வாய்ச் சண்டை ஓயாது. ஆனால் சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே வண்டியில் கடைக்குப் போவார்கள். ஏற்கெனவே ஒரு தடவை அவருக்கு நெஞ்சுவலி வந்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதும் தெருவுக்கே தெரியும்.

அன்று காலை நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். செக்யூரிட்டி இன்டர்காமில் கூப்பிட்டார். "எதுத்த ஊட்டு அண்ணன் உங்களத்தான் கேக்கறாரு மேடம். மூஞ்சே சரியில்ல" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால், செக்யூரிட்டியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது.

"தங்கச்சி, வாயு புடிச்சிகிச்சி போல கீது. ஆட்டோ ஒண்ணும் ஆப்டல. ஆஸ்பத்திரி வரைக்கும் உட்டுட்றியா?"

லேப்டாப்பைக்கூட மூடவில்லை. வீட்டில் போட்டிருந்த உடையோடு சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். செக்யூரிட்டி அவரைக் கைத்தாங்கலாக முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டார்.

தெருமுனைக்கு வந்ததும் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. இடது பக்கம் திரும்பினால் பக்கத்திலேயே ஒரு சின்ன நர்சிங் ஹோம். வலது பக்கம் போனால் இதயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி, ஆனால் எஸ்டேட்டைத் தாண்ட வேண்டும். நான் வலது பக்கம் திரும்பினேன். மழைநீர் வடிகாலுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தது திரும்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. முன்னால் கம்பி ஏற்றிய ஒரு லாரி. பின்னால் வரிசையாக வண்டிகள். திரும்பவும் முடியாது, முந்தவும் முடியாது.

அந்த நெரிசலில்தான் அவர் மடியில் இருந்த போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. நான் எட்டி ஸ்பீக்கரில் போட்டேன். அக்காதான்.

"இன்னாத்துக்கு இத்தினி தபா போன் அடிச்சிகினு கீற? தையல் லைன்ல கீறப்போ எப்டி எடுப்பேன்? திரும்ப நெஞ்சு வலியா? மாத்திரைய நாக்குக்கு அடியில வெச்சியா இல்லியா? எத்தினி தபா சொல்றது உனுக்கு? நான் வேலைய உட்டுட்டு வந்து வாயில போடணுமா? எப்டியோ போய்த் தொல!"

பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். நான் கத்தினேன்: "அக்கா, எதிர் ஃபிளாட்லேர்ந்து பேசறேன். அண்ணன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க நேரா அங்க வந்துடுங்க." ஆஸ்பத்திரி பெயரையும் சொன்னேன். லைன் போய்விட்டது.

அப்போது ஒன்று நடந்தது. சாய்ந்து கிடந்த அண்ணனின் வலது கை மெதுவாக எழுந்து நெஞ்சுக்குப் போனது. முகம் சுருங்கியது. விரல்கள் சட்டையைப் பிறாண்டுவது போல அசைந்தன. ஐயோ, நெஞ்சைப் பிடிக்கிறாரே என்று பதறினேன். ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தேன். லாரி நகர்ந்தது. மறுபடி அவரைப் பார்த்தபோது கை கீழே விழுந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து சொல்லிவிட்டார்கள். வழியிலேயே போயிருக்கிறார். கழுத்தில் தொங்குகிற இஞ்ச் டேப்போடு அக்கா ஓடிவந்தபோது நான்தான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நிமிடத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

மறுநாள் எடுத்தார்கள். எதிர்வீட்டு வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மேளம். உள்ளே வருகிறவர்கள் முதலில் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுவார்கள். அழுது முடித்ததும் ஒரே கேள்வி: "எப்டிம்மா ஆச்சி?" நம் ஊர்களில் துக்கம் விசாரிப்பது என்றால் இதுதானே. பறிகொடுத்தவர்கள் காலையில் காபி குடித்ததிலிருந்து கடைசி மூச்சுவரை வரிசையாகச் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் தலையாட்ட வேண்டும். ஆனால் அக்காவிடம் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. அவர் அங்கே இல்லையே. அவருக்குப் பதிலாகச் செக்யூரிட்டி சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், எதையும் பார்க்காதவர்கள்கூடச் சொன்னார்கள்.

என் முறை வந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சமயத்தில் எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "அவர் கஷ்டப்படவே இல்லக்கா. கார்ல ஏறினதும் கண்ண மூடிட்டார். தூங்குற மாதிரிதான் இருந்தார்." சுற்றி இருந்தவர்கள் 'புண்ணியவான்' என்றார்கள். அக்கா மட்டும் என்னையே பார்த்தார். அதை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன். போய்ட்டு வரேன் என்று சொல்லக்கூடாத வீடு அல்லவா, சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

பால் ஊற்றின மறுநாள் மத்தியானம் அக்காவிடமிருந்து போன் வந்தது. அழவில்லை. குரல் தட்டையாக இருந்தது.

"தங்கச்சி, போன் வந்தப்போ எந்த எடத்துல இருந்தீங்க?"

எஸ்டேட்டுக்கு முன்னால், ரோடு தோண்டியிருக்கிற இடத்தில் என்றேன். "முன்னாடி இன்னா வண்டி?" லாரி என்றேன். "இன்னா லாரி?" கம்பி லாரி. "சரி" என்று வைத்துவிட்டார்.

பாவம், மனசு ஆறாமல் கேட்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நாளும் போன். கார் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா? கண்ணாடி ஏற்றியிருந்ததா, இறக்கியிருந்ததா? ஏசி போட்டிருந்தேனா? ஹாரன் அடித்தேனா? அடித்திருந்தால் போன் வருவதற்கு முன்னாலா, பின்னாலா? ஒவ்வொரு நாளும், உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கண்ணயர்கிற மத்தியான வேளையில் அக்காவின் பெயர் என் போனில் ஒளிரும். நான் எடுக்காவிட்டால் வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு வரும். "தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு. லாரிக்காரன் இஞ்சின ஆஃப் பண்ணி வெச்சிருந்தானா?"

இது அழுகிற மனுஷி கேட்கிற கேள்வி மாதிரி இல்லை. கேஸ் கட்டு தயார் பண்ணுகிறவர்கள் கேட்கிற கேள்வி மாதிரி இருந்தது.

என் கணவர் அதை வாய்விட்டே சொன்னார். "நீ ஏன் எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு இருக்க? பக்கத்துல நர்சிங் ஹோம் இருக்கப்ப ஏன் அவ்வளவு தூரம் போனீங்கன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்ன சொல்லுவ?" எனக்குக் கோபம் வந்தது. உதவி செய்யப் போனதற்கு இது வேறா என்று அவரிடம் கத்தினேன். கத்தினேனே தவிர, அவர் அந்தப் பக்கம் போனதும் ஆபத்தில் உதவி செய்தவர்மேல் வழக்கு போட முடியுமா என்று போனில் தேடினேன். முடியாது என்று ஒருவர் எழுதியிருந்தார். முடியும் என்று அடித்துச் சொன்னார் இன்னொருவர். விடிகிறவரை படித்தும் ஒன்றும் தெளியவில்லை.

அதற்குள் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் பேச்சு கிளம்பிவிட்டது. எதிர்வீட்டு அக்காவின் தம்பி, கள்ளிக்குப்பத்தில் இருப்பவர், ரோட்டோரத்து மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேமரா பதிவு கேட்டாராம். நம் செக்யூரிட்டியையும் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தாராம். கீழே ஆளாளுக்குக் கருத்து. ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கலாம் என்று ஒருவர். இதுக்குத்தான் நான் எதிலும் தலையிடுவதே இல்லை என்று இன்னொருவர். என் பெயரை யாரும் எழுதவில்லை. ஆனால் என்னைத்தான் சொல்கிறார்கள் என்பது தெரியாத ஆள் அந்தக் குழுவில் இல்லை.

செக்யூரிட்டியிடம் போய்க் கேட்டேன். "நான் இருக்கறத்த சொன்னேன் மேடம். அண்ணன் பேசிகினேதான் வண்டில ஏறினாரு, வழியெல்லாம் முழிச்சிகினுதான் இருந்திருப்பாருன்னு சொன்னேன்" என்றார் அவர் அப்பாவியாக.

நான் தூங்குகிற மாதிரி இருந்தார் என்று சொல்லியிருக்கிறேன். இவர் முழித்திருந்தார் என்று சொல்லியிருக்கிறார். நான் பொய் சொன்னது இப்போது அவர்களுக்குத் தெரியும். எதற்காகப் பொய் சொன்னேன் என்று யார் கேட்கப்போகிறார்கள்? எதையோ மறைக்கிறாள் என்றுதானே நினைப்பார்கள்.

அதிலிருந்து நான் ஒளிய ஆரம்பித்தேன். போன் வந்தால் மீட்டிங் என்று செய்தி அனுப்பினேன். காரைப் பின் கேட் வழியாக எடுத்தேன். துக்கம் கேட்கப் போகவேண்டுமே என்று மனசு குத்தும்போது, இன்று செவ்வாய், இன்று வெள்ளி, இந்த நாளில் போகக்கூடாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். காரியம் முடிகிறவரை அக்கா வாசப்படி தாண்டி இன்னொரு வீட்டுக்கு வரமாட்டார் என்பது தெரியும். அது மட்டும்தான் எனக்கிருந்த தைரியம். பால்கனிக் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். ஒருநாள் துணி எடுக்கப் போனபோது எதிர்வீட்டு ஜன்னலில் அவர் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பேசவில்லை. எதையோ திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் காலை, கீழே அந்தத் தம்பி வந்து நின்றார். ஆள் வாட்டசாட்டமாக இருந்தார். மழித்த தலை. காரியம் செய்தது அவர்தான்.

"அக்கா உங்கள இட்டுகினு வர சொல்லிச்சி மேடம். வண்டியும் வேணுமாம். அன்னிக்கிப் போன வழியிலயே ஒரு தபா போவணுமாம்."

என் கணவர் குறுக்கே வந்து, அதெல்லாம் முடியாது, எதுவாக இருந்தாலும் இங்கேயே பேசுங்கள் என்றார். தம்பிக்கு முகம் சிவந்தது. "இன்னா சார், எங்க மாமா உசுரு போன எடத்த எங்க அக்கா பாக்கக் கூடாதா?" என்று குரலை உயர்த்தினார். செக்யூரிட்டி எழுந்து நின்றார். மேல் மாடிகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. எதிரே, வீட்டு வாசலில் அக்கா நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. இத்தனை நாளில் ஆளே பாதியாகிவிட்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு என்னை அசைத்துவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அக்கா முன் சீட்டில் உட்கார்ந்தார். அண்ணன் உட்கார்ந்த அதே சீட். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு அதை ஒரு தடவை தடவிப் பார்த்தார். தம்பி பின்னால். கண்ணாடியில் பார்த்தேன், கையில் போனை நேராகப் பிடித்திருந்தார். பதிவு செய்கிறாரா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. தெருமுனையில் வலது பக்கம் திரும்பினேன். இதோ கேட்கப்போகிறார், ஏன் இந்தப் பக்கம் என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அக்கா கேட்கவில்லை. நர்சிங் ஹோம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பிதான் கேட்டார்.

"லெஃப்ட்ல போயிருந்தா ரெண்டு நிமிசம். இல்ல?"

"நீ கம்முனு வா" என்றார் அக்கா.

தோண்டிய ரோட்டை அதற்குள் பாதி மூடியிருந்தார்கள். இந்த இடம்தான் என்றேன். ஓரமாக நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். இஞ்சினை ஆஃப் செய்யச் சொன்னார், செய்தேன். கண்ணாடியை ஏற்றச் சொன்னார். பிறகு இறக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு ரோட்டுச் சத்தத்தைக் கேட்டார். லாரிகள் போயின. வேர்த்துக் கொட்டியது. எனக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. பயத்தில் எரிச்சல்கூட வந்தது.

"அக்கா, என்கிட்ட என்ன கேக்கணுமோ நேரா கேட்டுடுங்க" என்றேன்.

அக்கா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்காமல், எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் இன்னா சொன்னேன்னு நீ கேட்டே இல்ல? போய்த் தொலன்னேன். போய்ட்டாரு."

பின் சீட்டில் தம்பி அசைவது கேட்டது. அக்கா மாத்திரைக்காகக் கத்தியது தெரிந்திருந்தாலும், இந்த வார்த்தை அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

"நான் கத்தி முடிச்சதும் 'ம்'முனு ஒரு சத்தம் வந்திச்சி. அப்றம்தான் நீ பேசினே. போன்ல பதிவாயிகீது, எத்தினி தபா கேட்டும் புரியல. அந்தச் சத்தம் அவரா, ரோட்ல கீற லாரியா, அது மட்டும் எனுக்குத் தெரிஞ்சா போதும். நீ தூங்கினாருன்னு சொன்னே. செக்யூரிட்டி முழிச்சிகினு இருந்தாருன்றான். துக்கத்துக்கு வந்தவ ஒருத்தி வீடியோ அனுப்புனா, எனுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு. உசுரு போறப்போ கண்ணு போயிடும், பேச்சு போயிடும், காதுதான் கடைசியா போவும்னு ஒரு டாக்டர் சொல்றாரு. அதப் பாத்ததுலேர்ந்து சோறு எறங்கல தங்கச்சி. ஏறினதும் கண்ண மூடிட்டாருன்னு நீ சொன்னியே, அப்போ அந்தக் காதுல கடைசியா உயுந்தது அந்த வார்த்தையா?"

லாரியும் இஞ்சினும் கண்ணாடியும் ஹாரனும் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. என்மேல் வழக்கு போடுவதற்கு இல்லை. அந்த 'ம்' எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க. பாவம், அந்த மனுஷி வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் உட்கார்ந்தபடி இத்தனை நாளும் ஒரே ஒரு சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் பின் கேட் வழியாக ஓடி ஒளிந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். லாரிச் சத்தம்தான்க்கா, அவர் எதையும் கேட்கவில்லை என்று சொன்னால் அக்கா நிம்மதியாக வீட்டுக்குப் போவார். நானும் தப்பித்துவிடுவேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை இரக்கப்பட்டு ஒன்றைச் சொல்லித்தான் இவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இன்னொன்று சொன்னால் அதையும் இவர் பத்துப் பேரிடம் விசாரித்துச் சரிபார்ப்பார். அதுவும் உடைந்தால், அப்புறம் உலகத்தில் யார் சொல்வதையும் நம்பமாட்டார்.

"சத்தம் எனக்குக் கேக்கலக்கா" என்றேன். "ஆனா அவர் தூங்கல. அது நான் சும்மா சொன்னது. நீங்க பேசறப்ப முழிச்சிட்டுதான் இருந்தார். நீங்க பேசி முடிச்சதும் நெஞ்சப் பிடிச்சுகிட்டார். ரொம்ப வலி போல. முகமெல்லாம் சுருங்கிப் போச்சு. உங்ககிட்ட அத எப்படிச் சொல்றதுன்னுதான் மறைச்சேன்."

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவார், அறைவார், கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் இறங்கி ஓடுவார் என்று என்னென்னவோ நினைத்தேன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எந்தக் கை?"

"வலது கைக்கா."

"எப்டிப் புடிச்சாரு? காட்டு."

என் வலது கையை எடுத்து இடது நெஞ்சில் வைத்தேன். இப்படியேதானா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இல்லை, உள்ளங்கையை வைத்து அழுத்தவில்லை. விரல்தான் அசைந்தது, பிறாண்டுகிற மாதிரி. அப்படியே செய்து காட்டினேன்.

அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறுவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

"அது நெஞ்சு இல்லம்மா, பாக்கெட்டு" என்றார். "ஆஸ்பத்திரில சட்டைய என் கையிலதான் குடுத்தாங்க. பாக்கெட்டுல மாத்திரை அட்டை இருந்திச்சி. பாதி வெளில வந்து நின்னுகினு இருந்திச்சி. எப்டி வெளில வந்திச்சின்னு அன்னிலேர்ந்து யோசிச்சிகினே கீறேன்."

அவர் வலியில் நெஞ்சைப் பிடிக்கவில்லை, மாத்திரையைத் தேடியிருக்கிறார். எனக்கு ஒரு கை எட்டுகிற தூரத்தில். அது தம்பிக்கும் அதே நொடியில் உறைத்திருக்க வேண்டும்.

"அப்போ நீங்க வண்டிய நிறுத்தி எடுத்துக் குடுத்திருக்கலாமே மேடம்! மாத்திரை, மாத்திரைன்னு அக்கா போன்ல கத்துச்சே, காதுல உயலியா?" பின்னாலிருந்து எழும்பி சீட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இத்தனை நாளாக நான் எந்தக் கேள்விக்குப் பயந்து ஒளிந்தேனோ, அதைவிடப் பெரிய கேள்வி. மாத்திரை வீட்டில் இருக்கும் என்று நினைத்தேன் என்பதெல்லாம் ஒரு பதிலா?

"டேய்" என்றார் அக்கா. அதட்டல் இல்லை, சாதாரணமாகத்தான். "அது வண்டி ஓட்டிகினு இருந்திச்சி. அவுரு நெஞ்சப் புடிக்கிறாருன்னுதான் யாருக்கும் தோணும். எனுக்கு மட்டும்தான்டா தெரியும், அது மாத்திரைக்குப் போற கைன்னு."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். செத்த வீட்டில் அழுத அழுகை இல்லை அது. அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது, சிரிப்புக்கு நடுவில் அழுகை. "நல்ல வார்த்த சொன்னா எடுக்க மாட்டாரு தங்கச்சி. திட்டுனாத்தான் எடுப்பாரு. கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து அப்டித்தான். காய்ச்சல் மாத்திரையா இருந்தாலும் நான் ரெண்டு கெட்ட வார்த்த உட்டாத்தான் அட்டைய எடுப்பாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "திட்டுனேன். எடுக்கப் போயிகிறாரு. நான் சொன்னது அவுருக்குக் கேட்டுகீது."

தம்பி பின்னால் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் காரை எடுத்தேன். திரும்பி வருகிற வழியெல்லாம் அக்கா போனில் பேசிக்கொண்டே வந்தார். குமணன்சாவடியில் இருக்கிற நாத்தனாரிடம், கூட வேலை செய்கிற தோழியிடம், இன்னும் யார் யாரிடமோ. எல்லாரிடமும் ஒரே செய்தி: நான் திட்டினேன், மாத்திரைக்குக் கை போச்சு, அட்டை பாதி வெளியில் வந்திருந்தது, இந்தத் தங்கச்சி பார்த்திருக்கிறது. 'போய்த் தொல'வைக்கூட மறைக்கவில்லை. இத்தனை நாளும் வந்து கேட்டவர்களுக்குச் சொல்ல இப்போதுதான் அவரிடம் ஒன்று இருந்தது. அவர் சொல்லச் சொல்லக் குரல் பழைய வேகத்துக்கு வந்துகொண்டிருந்தது.

வீட்டு வாசலில் இறங்கும்போது என் தோளைத் தொட்டார். "நீ சோறு துன்னியா?" என்றார். இல்லை என்றேன். "போய்த் துன்னு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தம்பி கேட்ட கேள்வி என்னிடம் அப்படியே இருக்கிறது. காரை நிறுத்தியிருந்தால், திரும்பி ஒழுங்காகப் பார்த்திருந்தால் என்று நினைக்காமல் அந்த ரோட்டை என்னால் கடக்க முடிவதில்லை. ஒரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஏனோ இன்றுவரை கேட்கவில்லை. அக்கா மறுபடி வேலைக்குப் போகிறார். அந்தத் தெருவில் இப்போதும் யார் வந்து அண்ணனைப் பற்றிக் கேட்டாலும், வாசலில் நிற்க வைத்து வலது கையை எடுத்து இடது பக்கம் வைத்து விரலை அசைத்துக் காட்டுகிறார். துக்க வீடுகளில் நான் இப்போது வாயைத் திறப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கிறேன்; ஏனென்றால் அவர் தூங்குகிற மாதிரிப் போனார் என்று நான் ஆறுதலாகச் சொன்னது அந்த அக்காவைச் சாப்பிடவிடாமல் செய்தது, எதைச் சொன்னால் தாங்கமாட்டார் என்று நான் மறைத்தேனோ அதுதான் இன்றுவரை அவருக்குத் துணையாக இருக்கிறது.